பள்ளிக் குப்பைக்கு மெஷினா, தொட்டியா, பயோகேஸா, வண்டியா? பெங்களூரு பள்ளி, கல்லூரிகளுக்கு ஓர் ஒப்பீடு

ஜூன் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம். "ஒரு கம்பெனிக்காரர் கம்போஸ்ட் மெஷினுக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், 24 மணி நேரத்தில் உரம் என்கிறார், வாங்கலாமா?" என்று அல்சூர் பக்கமிருந்து ஒரு பள்ளித் தாளாளர். "ஹாஸ்டலில் சாப்பாடு நிறைய மிச்சமாகிறது, பயோகேஸ் போடச் சொல்கிறார்கள்" என்று எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கத்துக் கல்லூரி விரிவுரையாளர். "மாநகராட்சி வண்டி இனி நம் குப்பையை எடுக்காதாமே" என்று பெற்றோர் சங்கத்து ஆள் ஒருவர். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பெரும்பாலும் ஈரக் கழிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் நாறுவது அதுதான், சண்டை வருவதும் அதனால்தான். பேப்பர், பிளாஸ்டிக் விஷயம் இதைவிடச் சுலபம், கடைசியில் வருகிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் எடை. உங்கள் பள்ளியில் தினமும் எத்தனை கிலோ மக்கும் குப்பை விழுகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மெஷின் விற்க வருபவருக்கு மட்டும் தெரியும், அவர் மாணவர் எண்ணிக்கையை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி 100 கிலோ என்று சொல்லிவிடுவார். நம்பாதீர்கள். கொக்கித் தராசு ஒன்று வாங்கி, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஈரக் குப்பை டிரம்மைத் தூக்கி மாட்டி, ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒரு முழு வாரம், முடிந்தால் இரண்டு. கேன்டீன் இருந்தால் அன்றைய மெனுவையும் பக்கத்தில் எழுதவும். பிசிபேளாபாத் நாளும் உப்புமா நாளும் ஒன்றல்ல என்பது அப்போது தெரியும். பிள்ளைகள் டப்பாவில் கொண்டுவரும் பள்ளியில் மிஞ்சுவது பெரும்பாலும் தயிர்சாதம், வாழைப்பழத் தோல், சப்பாத்தி ஓரம். எடை குறைவு, ஆனால் தயிர்சாதம் டிரம்மின் அடியில் போய்க் கூழாக உட்கார்ந்துவிடும், சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.

சருகையும் தனியாக அளக்க வேண்டும். தூங்குமூஞ்சி மரமோ புங்க மரமோ நிற்கும் வளாகமென்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொட்டும் இலை சாப்பாட்டுக் குப்பையைவிடப் பல மடங்கு. இதை மூலையில் குவித்துக் கொளுத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. பெங்களூருக்காரரான அல்மித்ரா படேல் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் வைத்துவிட்டது. அபராதத்தை விடுங்கள், அந்தச் சருகு இல்லாமல் கம்போஸ்ட் போடவே முடியாது. விலை கொடுத்து மரத்தூள் வாங்கும் பள்ளியே பின்வாசலில் சருகைக் கொளுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, விடுமுறை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சொல்லும் யோசனையை அப்படியே பள்ளிக்குச் சொல்வதில்தான் பாதித் தப்பும் நடக்கிறது. குடியிருப்பில் 365 நாளும் குப்பை வரும். கர்நாடகப் பாடத்திட்டப் பள்ளியில் ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசி வரை ஒன்றுமே வராது, தசராவுக்கு இன்னொரு நீண்ட இடைவெளி, தேர்வு நாட்களில் அரைநாள், ஞாயிறு பூஜ்யம், ஆண்டுவிழா அன்று மட்டும் மலைபோல் வாழையிலை. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிற முறை எது, தாங்காமல் படுத்துவிடுகிற முறை எது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆள். தினமும் அரை மணி நேரம் அந்தக் குப்பையைத் தொடப்போவது யார், அவருக்கு அதற்குத் தனிச் சம்பளம் உண்டா? கழிப்பறை, வராந்தா, தண்ணீர் டாங்க் எல்லாம் பார்க்கும் ஆயாம்மாவிடமே இதையும் தள்ளிவிட்டு, "சொல்லியாச்சே, கிளறுவாங்க" என்று நினைப்பதுதான் நடக்கிறது. ஓர் ஆயாம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "அந்தத் தொட்டிப் பக்கம் ஒரு டீச்சர்கூட எட்டிப் பாக்கறதில்ல, நான் மட்டும் எதுக்கு மேடம் கிளறணும்?" நியாயமான கேள்வி.

மற்றவை சீக்கிரம். இடம் எவ்வளவு, பக்கத்து வீட்டு ஜன்னல் எவ்வளவு தூரம். வாங்கும் விலையோடு மாதாமாதம் போகும் செலவு. வெளியே வருவது உரமோ கேஸோ கரைசலோ, அதை யார் எடுத்துக்கொள்வார்.

சட்டம் ஒன்று பாக்கி. 2016 திடக்கழிவு விதிகளின்படி தினமும் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கினால் நீங்கள் மொத்தக் கழிவு உற்பத்தியாளர். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அதே 100 கிலோவோடு, 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு அல்லது நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தண்ணீர் என்ற அளவுகளையும் சேர்த்திருக்கின்றன, எது ஒன்று பொருந்தினாலும் போதும். அதாவது குப்பை குறைவாக இருந்தாலும் கட்டடம் பெரிதாயிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அப்படி மாட்டினால் ஈரக் கழிவை முடிந்தவரை உள்ளேயே பதப்படுத்த வேண்டும். பெங்களூரில் மொத்தக் கழிவு உற்பத்தியாளர் வாசலுக்கு மாநகராட்சியின் வழக்கமான வண்டி வராது, ஏற்பாட்டை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

தொட்டிக் கம்போஸ்ட்

செங்கலோ கம்பிவலையோ வைத்துக் கட்டிய மூன்று தொட்டிகள். ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று மக்கிக்கொண்டிருக்கும், ஒன்று காலியாகிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக் குப்பை ஒரு கூடை போட்டால் அதன்மேல் ஒன்றரை, இரண்டு கூடை சருகு, கொஞ்சம் பழைய கம்போஸ்டோ புளித்த மோரோ சாணக் கரைசலோ. வாரத்துக்கு இரண்டு தடவை கிளறல். உள்ளே சூடு 55 டிகிரி தாண்டினால் நன்றாக வேலை நடக்கிறது என்று பொருள், கையை வைத்தாலே தெரியும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: தண்ணீர் சொட்டினால் சருகு போதவில்லை, கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கணும், பிடித்த வடிவத்திலேயே நின்றால் சரி.

விடுமுறையில் இதற்கு ஒன்றும் ஆகாது. ஏப்ரலில் கடைசியாகப் போட்டது ஜூனில் திறக்கும்போது கறுத்து, மண்வாசனையோடு உரமாகவே இருக்கும், இடையில் யாராவது வாரம் ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் போதும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. பள்ளியின் காலண்டரோடு இவ்வளவு ஒத்துப்போகிற முறை வேறு கிடையாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று கூரை. செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரு மழை அடிக்கிற அடியில் மூடாத தொட்டி சாக்கடையாகிவிடும், வெளியே வடியும் கறுப்புத் தண்ணீர் விளையாட்டு மைதானத்துக்கு ஓடும், அன்றோடு முதல்வருக்கு ஆர்வம் போய்விடும். இன்னொன்று பெருச்சாளி. அடியில் கம்பிவலை இல்லாமல் தொட்டி கட்டவே கட்டாதீர்கள். குரங்கு வரும் வளாகமென்றால் மேலேயும் வலை வேண்டும்.

புழு வந்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடும் பள்ளிகள் நிறைய. சருகு அதிகம் போட்டுக் கிளறினால் அடங்கிவிடும். அந்தப் புழுக்களும் மக்கவைக்கிற வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் அதை ஒன்பதாம் வகுப்பு உயிரியல் டீச்சரிடமே புரியவைக்க முடியாமல் போன அனுபவம் எனக்கு உண்டு.

இது யாருக்கு: தினமும் 5 முதல் 50 கிலோ வரை, மரங்கள் உள்ள வளாகம், ஒரு தோட்டக்காரர். 20 கிலோ வரும் பள்ளியில் மாதத்துக்கு ஏறத்தாழ 440 கிலோ உள்ளே போனால் வெளியே வருவது சுமார் 100 கிலோ, அதைச் சொந்தத் தோட்டமே தின்றுவிடும்.

கம்போஸ்ட் மெஷின்

மெஷின் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான் விற்கிறார்கள். முதல் வகை குப்பையை வெட்டி, மரத்தூளும் நுண்ணுயிர்ப் பொடியும் கலந்து தருவதோடு சரி. அதை அப்புறம் கிரேட்டுகளில் அடுக்கி பத்துப் பதினைந்து நாள் வைத்தால்தான் உரம். கொட்டேஷனில் மெஷினுக்கு மட்டும் இடம் காட்டியிருப்பார்கள், கிரேட் அடுக்க ஒரு வகுப்பறை அளவு வேண்டும் என்பதை வாங்கிய பிறகுதான் கவனிப்போம்.

இரண்டாவது வகை ஹீட்டர் வைத்தது. "24 மணி நேரத்தில் உரம்" என்பது இதுதான். உண்மையில் அது குப்பையைச் சூட்டில் காயவைக்கிறது. வெளியே வரும் பழுப்புத் தூள் பார்க்க உரம் மாதிரியே இருக்கும், நாற்றமும் இருக்காது. அதை ஒரு பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள், பழைய சாப்பாட்டு வாசனை திரும்பி வந்திருக்கும், ஏனென்றால் அது மக்கவே இல்லை, மக்குவதை ஒத்திப்போட்டிருக்கிறது. டெமோ காட்ட வருபவரிடம் இந்தப் பக்கெட் சோதனையைச் செய்யச் சொன்னால் பேச்சு மாறும்.

விலை பல லட்சம், அதோடு த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன், மின்கட்டணம், வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம், மரத்தூள், பொடி. பிளேடுக்கு எமன் கேன்டீன் ஸ்பூன். தட்டைக் கவிழ்க்கும்போது ஒரு எவர்சில்வர் ஸ்பூன் உள்ளே விழுந்தால் மெஷின் நின்றுவிடும், ஆள் வந்து பார்க்க ஒரு வாரம், அதுவரை குப்பை எங்கே போகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நகரின் வடபகுதியில் ஒரு பள்ளியில் நன்கொடைப் பணத்தில் வாங்கிய மெஷினைப் பார்த்தேன்: மேலே வாலிபால் வலை மடித்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் கேரம் போர்டுகள் சாய்த்து வைத்திருக்கின்றன, திறப்புவிழா ரிப்பன் கைப்பிடியில் இன்னும் கட்டியபடியே இருக்கிறது. திறந்து வைக்க அமைச்சர் கிடைப்பார், ஸ்பூன் எடுக்க ஆள் கிடைக்காது.

சரி, யாருக்குமே வேண்டாமா என்றால் அப்படியும் இல்லை. மண் தரையே இல்லாத, ஏழு மாடிக் கட்டடமாக நிற்கும் நகரமையக் கல்லூரி, தினமும் 100 கிலோவுக்கு மேல் கேன்டீன் கழிவு, வருஷத்தில் பத்து மாதம் ஓட்டம், மெஷினுக்கென்றே ஒரு ஆபரேட்டர். இது நான்கும் இருந்தால் முதல் வகையை வாங்கலாம். ஹீட்டர் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பயோகேஸ்

ஹாஸ்டல் மெஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கண்ணைப் பறிக்கும் யோசனை, குப்பையும் போகும், சிலிண்டரும் மிச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ சாப்பாட்டுக் கழிவு போட்டால் சுமார் 10 கன மீட்டர் கேஸ், அது ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ எல்பிஜிக்குச் சமம், அதாவது 19 கிலோ வணிக சிலிண்டரில் கால்வாசி. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் மெஸ்ஸில் அது சாம்பாருக்கு உதவும், முழுச் சமையலுக்குக் காணாது. 15 கிலோ கழிவு வரும் பகல் பள்ளியில் ஸ்டாஃப் ரூம் டீக்கும் பால் காய்ச்சுவதற்கும் சரியாகப் போய்விடும்.

போடுகிற தீனியை முதலில் எண்ணவேண்டும் என்பதற்கு நம் கர்நாடகத்திலேயே பழைய பாடம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) அமுல்ய ரெட்டி முன்னின்று 1974-ல் தொடங்கிய, கிராமங்களுக்கான தொழில்நுட்பம் தேடிய அஸ்த்ரா குழு, துமகூரு மாவட்டத்துப் புரா கிராமத்தில் சாண எரிவாயுவை வீட்டுச் சமையலுக்குக் கொடுக்கத்தான் முதலில் முயன்றது. ஊர்ச் சாணம் எல்லா அடுப்புக்கும் போதவில்லை. அப்புறம் அதே கேஸை வைத்து எஞ்சின் ஓட்டி, குடிதண்ணீர் இறைக்கவும் விளக்கெரிக்கவும் மாற்றிய பிறகுதான் ஊருக்கு அது பிடித்தது. நீங்களும் கேஸ் எங்கே எரியப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் குழி தோண்டுங்கள்.

விடுமுறைதான் இதற்கு எதிரி. உள்ளே இருப்பது உயிர், தினமும் தீனி கேட்கும். ஒன்றரை மாதம் பட்டினி போட்டுவிட்டு, பள்ளி திறந்த முதல் நாளே முழு அளவைக் கொட்டினால் உள்ளே அமிலம் ஏறித் தொட்டி புளித்துப்போகும், கேஸ் எரியாது, மறுபடி சாணம் கரைத்து ஊற்றி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு ஆகாது, வழிகிற எண்ணெயும் ஆகாது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கேஸ் குறைவதும் பெங்களூரில் சகஜம்.

யாரும் சொல்லாத விஷயம் கரைசல். 100 கிலோ போட்டு அதே அளவு தண்ணீர் சேர்த்தால் தினமும் 200 லிட்டர் அளவுக்குக் கரைசல் வெளியே வரும். நல்ல உரம்தான், ஆனால் அதைக் குடிக்க உங்களிடம் தோட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நேராக மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். பெள்ளந்தூர் ஏரி நுரைத்த படங்களைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இது யாருக்கு: வருஷம் முழுக்க மெஸ் நடக்கும் ஹாஸ்டல் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், தினமும் 80, 100 கிலோவுக்கு மேல், வகுப்பறைகளிலிருந்து தள்ளித் திறந்த இடம், கரைசலுக்குத் தோட்டம். அங்கே மற்ற மூன்றையும்விட இதுதான் மேல்.

வண்டிக்காரரிடம் கொடுப்பது

அங்கீகாரம் பெற்ற வென்டர் தினமும் வந்து எடுத்துப்போவார், மாதம் பணம் கட்டினால் போதும். சோம்பேறித்தனம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சரியாகச் செய்ய ஆளில்லாத இடத்தில் அரைகுறையாக கம்போஸ்ட் போட்டு நாறவிடுவதைவிட இது கௌரவமானது.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டும். கிலோ கணக்கு என்பார், குறைந்தபட்ச மாதக் கட்டணம் என்று ஒரு வரி உள்ளே இருக்கும், ஏப்ரல், மே மாதங்களுக்கும் அது ஓடும். எங்கே கொண்டு போகிறார் என்று கேளுங்கள், ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். கம்போஸ்ட் ஆலையா, பயோகேஸா, பன்றிப் பண்ணையா, இல்லை ஊர் எல்லையில் ஒரு காலி மனையா? 2014-ல் மண்டூர்க்காரர்கள் போராடிக் குப்பை லாரிகளை நிறுத்தினார்களே, அவர்கள் ஊரில் மலையாகக் குவிந்தது நாம் பிரிக்காமல் கொடுத்து மறந்துவிட்ட குப்பைதான்.

பிரித்துக் கொடுக்காவிட்டால் இந்த வழியும் வீண். 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் சொன்ன இரண்டு தொட்டி, ஒரு பை முறை ஊருக்கே பழகிவிட்டது: ஹசி கசவுக்கு, அதாவது ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நாப்கின் போன்றவற்றுக்குச் சிவப்பு, ஒண கசவுக்கு, அதாவது உலர் குப்பைக்குப் பை. பள்ளியில் இது உடைவது வகுப்பறையில் அல்ல, ஆசிரியர் அறையில். டீ கப்பும் பழத்தோலும் பிரிண்ட் அவுட்டும் ஒரே கூடையில் கிடப்பது அங்கேதான்.

| வழி | தினசரி அளவு | விடுமுறையில் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|
| தொட்டி | 5–50 கிலோ | பாதிப்பில்லை | கூரை, வலை, கிளறும் ஆள் |
| மெஷின் | 100 கிலோவுக்கு மேல் | சும்மா நிற்கும், ஒப்பந்தப் பணம் ஓடும் | மின்சாரம், மரத்தூள், கிரேட் வைக்க இடம் |
| பயோகேஸ் | 80–100 கிலோவுக்கு மேல் | பட்டினி, மறுபடி தொடங்கச் சிரமம் | கரைசல், பர்னர் துரு |
| வண்டி | எவ்வளவானாலும் | கட்டணம் இல்லையென்று எழுதி வாங்க வேண்டும் | குறைந்தபட்சக் கட்டணம் |

நானாக இருந்தால்

நகரத்துக்குள் இருக்கும் சாதாரணப் பகல் பள்ளிக்கு நான் சொல்வது கலப்பு: சருகு முழுக்கவும், அது தாங்கும் அளவு சாப்பாட்டுக் குப்பையும் உள்ளேயே தொட்டியில், ஆண்டுவிழா, கேன்டீன் மிச்சம் போன்ற உபரி மட்டும் வண்டியில். முதல் வருஷம் இரண்டே தொட்டியோடு ஆரம்பித்தாலும் போதும். மார்ச்சில் விழும் சருகைக் கம்பிவலைக் கூண்டில் சேர்த்து வைத்தால் மழைக்காலம் வரை கைகொடுக்கும். கிளறும் ஆளுக்கு மாதம் தனித்தொகை, கையுறை, பூட்ஸ். மெஷினுக்குப் பேசிய பணத்தில் சின்ன ஒரு பங்குதான் இதற்கெல்லாம் ஆகும்.

மாணவர்களை ஈடுபடுத்தலாமா என்று கேட்பார்கள். எடை எழுதுவது, சூடு பார்ப்பது, சருகு போடுவது தாராளமாகச் செய்யட்டும், எல்லா வகுப்பும் முறை வைத்து. கலந்த குப்பையைக் கையால் பிரிக்கவைக்கக் கூடாது, அதுவும் தண்டனையாகவோ குறிப்பிட்ட சில பிள்ளைகளிடம் மட்டுமோ அந்த வேலை போய்ச் சேர்ந்தால் அது குப்பை மேலாண்மை இல்லை, வேறு பெயர் உண்டு.

உலர் கழிவுக்குப் பெரிய ஒப்பீடு தேவையில்லை. பழைய நோட்டும் அட்டையும் பழைய பேப்பர்காரரிடம் காசாகும், அந்த ஆசையில் நல்லதை அவரிடம் விற்றுவிட்டு, சிப்ஸ் கவரையும் ஜூஸ் டப்பாவையும் மட்டும் வார்டு உலர் கழிவு மையத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கே வேலை செய்பவர்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? எல்லாவற்றையும் சேர்த்து ஒருவரிடமே கொடுங்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்காக இயங்கும் ஹசிரு தளா போன்ற அமைப்புகள் இந்த ஊரில் இருப்பது நமக்கு வசதி.

கையெழுத்துப் போடும் முன்

மெஷின், பயோகேஸ் எதுவானாலும், அதே மாடல் இரண்டு வருஷமாக ஓடும் ஒரு பள்ளியையோ கல்லூரியையோ காட்டச் சொல்லுங்கள், முன்னறிவிப்பில்லாமல் போய், முதல்வரை விட்டுவிட்டு அதை ஓட்டும் ஆளிடம் பேசுங்கள். அவர் தமிழோ கன்னடமோ தெலுங்கோ, ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிடுவார். வண்டி என்றால் தினசரி எடைச் சீட்டும், விடுமுறை மாதங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வரவேண்டும். ஜூனில் பொருத்துகிறவர்களுக்கு மொத்தப் பணத்தையும் அப்போதே கொடுத்துவிடாதீர்கள், ஒரு பகுதியைத் தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்து, இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு தருவதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்காத கம்பெனியின் கொட்டேஷனை அடுத்த தடவை எனக்கு அனுப்ப வேண்டாம்.